தொண்டிக் கரையில் நிற்கும் சாம்பல் பறவைகள்

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் மகளைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே தொண்டிக்குப் போனேன். சேற்றில் நூற்றுக்கணக்கில் பறவைகள். எல்லாமே சாம்பல் நிறம். புத்தகத்தைப் புரட்டினால் ஒன்று செங்கல் நிறத்தில் இருக்கிறது, ஒன்று தங்கப் புள்ளியோடு இருக்கிறது. ஒன்றுக்குக்கூடப் பெயர் சொல்ல முடியாமல் திரும்பி வந்தோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?"

உங்கள் குழப்பத்தில் பாதி, போன நேரத்தால் வந்தது. தொண்டி, நம்புதாளை, மீமிசல் என்று இந்தப் பாக் நீரிணைக் கரை முழுவதும் கிழக்கே கடல். காலையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். எந்தப் பறவையும் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் போங்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பவளக்காலி என்ற கரைப்பறவையின் கால் அப்போது நிஜமாகவே பவளம் போல எரியும். காலையில்தான் பார்க்க வேண்டும் என்றால் அதை நம் ஊர்க் கண்மாயில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் சரியாக இருக்கும்.

மீதிப் பாதி, பருவத்தால் வந்தது. தொண்டிச் சேற்றில் நீங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நம் ஊர்ப் பறவைகள் அல்ல. சைபீரியத் தூந்திரம், மத்திய ஆசியப் புல்வெளி, திபெத்தியப் பீடபூமி போன்ற குளிர்நாடுகளில் மே, ஜூன், ஜூலையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. ஆகஸ்டிலிருந்தே ஒவ்வொன்றாக இங்கே இறங்கும். புத்தகத்தில் முதலில் கண்ணில் படும் செங்கல் நிறமும் பளிச்சென்ற தங்கப் புள்ளியும் அங்கே இணை தேடும்போது போட்டுக்கொள்ளும் உடை. இங்கே வரும்போது அதைக் களைந்துவிட்டுச் சாம்பலும் வெள்ளையுமாக வருகின்றன. ஆகவே டிசம்பர், ஜனவரியில் நிறத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் யாராக இருந்தாலும் தோற்பார்கள். அலகு, கால், இரை தேடும் விதம் இந்த மூன்றும் பருவம் பார்த்து மாறுவதில்லை. இந்த மூன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான் யாருக்குச் சொன்னாலும் கடலுக்குப் போகாதீர்கள், முதலில் கண்மாய்க்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். செட்டிநாட்டில் இருப்பவருக்கு அது பெரிய வசதி. மார்கழி, தையில் நம் கண்மாய்களில் தண்ணீர் மெல்ல இறங்கும்போது ஓரத்தில் ஒரு சேற்றுப் பட்டை வெளிவரும். கடற்கரையில் ஐந்நூறு பறவைகள் நிற்கும் இடத்தில் இங்கே ஐந்தாறுதான் நிற்கும். ஐந்தாறு என்றால் நிதானமாகப் பார்க்கலாம், அவையும் நம்மைப் பழகிக்கொள்ளும்.

ஊருணிப் படிக்கட்டில் தனியாக ஒரு சிறு பறவை வாலை ஆட்டிக்கொண்டே நடப்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அதுதான் சாதாரண உள்ளான். உட்கார்ந்திருக்கும்போது கவனியுங்கள், மார்பின் வெள்ளை தோளுக்கு முன்னால் ஒரு சின்னக் கூர்மையாக மேலே ஏறும். விரட்டினால் தண்ணீருக்கு ஒட்டினாற்போல, இறக்கையை முழுதாக அடிக்காமல் விறைப்பாகத் துடிக்கவைத்துப் பறந்து எதிர்க்கரைப் படியில் போய் உட்காரும். இதை ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் பாருங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். இதன் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். இனி எந்தக் கரைப்பறவையைப் பார்த்தாலும் 'ஊருணி உள்ளானைவிடப் பெரிதா, சிறிதா' என்று கேட்டாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

கண்மாய் ஓரத்தில் இதற்குத் துணையாகப் பொரி உள்ளான் இருக்கும். முதுகில் பொரி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் நீளமான வெள்ளைப் புருவம், மஞ்சளோடிய கால். சேற்றில் நூல் போன்ற நீண்ட சிவப்புக் கால்களோடு கறுப்பு வெள்ளையாக நிற்பது நெடுங்கால் உள்ளான், அதை ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது. சரி, இந்த மூன்றும் கைவந்துவிட்டதென்றால் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் பஸ் ஏறலாம்.

கரையில் இறங்கியதும் பெயர் தேடாதீர்கள். முதல் பத்து நிமிடம் பறவைகள் சாப்பிடுவதை மட்டும் பாருங்கள். இரண்டு விதமான ஆட்கள் இருப்பது தெரிந்துவிடும். ஒரு கூட்டம் ஓடும், சட்டென்று நிற்கும், கொஞ்ச நேரம் அசையாமல் பார்க்கும், குனிந்து ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். இவை உப்புக்கொத்திகள். குட்டை அலகு, உருண்டைத் தலை, பெரிய கண். கண்ணால் பார்த்து இரை பிடிப்பவை என்பதால்தான் அந்த நிற்பு. இன்னொரு கூட்டம் நிற்கவே நிற்காது. தலை குனிந்தபடி தையல் இயந்திர ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். இவை உள்ளான்கள். அலகின் நுனி உணர்ச்சியால் சேற்றுக்குள் புழுவைத் தேடுகின்றன, நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை அவற்றுக்குக் குறைவு. ஓடி நிற்பதா, நிற்காமல் குத்துவதா? தூரத்தில், வெளிச்சம் குறைவாக இருந்தாலும், பைனாகுலர் இல்லாவிட்டாலும் இந்த வித்தியாசம் தெரியும். இதைக் கற்றுக்கொள்ளாமல் இறகுக் கோடுகளை எண்ணுவது வீண் வேலை.

உப்புக்கொத்திகளில் நம் கரையில் நெருக்கமாகப் பார்க்க வேண்டியவை மூன்று. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் மார்பில் கறுப்புப் பட்டையும் உள்ளது பட்டாணி உப்புக்கொத்தி. இது கண்மாயிலும் வரும். வெண் உப்புக்கொத்திக்குப் பின்கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஓடும், மார்பில் பட்டை முழுதாகச் சேராமல் இரு பக்கமும் ஒரு கறைபோல் நின்றுவிடும். மூன்றாவது மணல் உப்புக்கொத்தி. கொஞ்சம் பருமன், மண்நிற முதுகு, பின்கழுத்தில் வெள்ளை கிடையாது. நான் இரண்டு பருவம் மணல் உப்புக்கொத்தியை வெண் உப்புக்கொத்தி என்றே நோட்டில் எழுதி வந்தேன். பின்கழுத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. பறவை முன்பக்கம் காட்டி நிற்கும்போது முடிவு செய்யாமல், அது திரும்பும்வரை காத்திருங்கள். ஓடி நிற்கும் பறவைதானே, ஒரு நிமிடத்துக்குள் நாலு தடவை திரும்பும்.

வெண் உப்புக்கொத்தி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வாசல் சமாச்சாரம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க இருந்து, இங்கேயே முட்டையிடும் ஒரு கூட்டம் உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருவதைவிட இது சற்றுச் சின்னது. ரொம்ப காலமாக இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். 2023-இல் மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கும் சேதுவை நினைத்து வைத்த பெயர். நாம் நிற்கும் கரைக்குத் தெற்கே கிடப்பதுதான் அந்தச் சேது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவையின் முகத்தைப் பாருங்கள். வடக்கிலிருந்து வரும் இனத்துக்கு அலகிலிருந்து கண்வரை ஒரு கறுப்புக் கோடு ஓடும், இதற்கு அந்த இடம் வெளுத்திருக்கும்.

இந்தப் பறவைக்குக் கூடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உலர்ந்த மணலில் ஒரு சின்னக் குழி, சில கிளிஞ்சல் துண்டுகள், இரண்டு மூன்று முட்டைகள். முட்டையின் நிறம் மணலேதான், மேலே மசி தெறித்தாற்போலக் கோடுகள். ஒருமுறை குனிந்து செருப்பு வாரை மாட்டும்போது என் கால் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அப்படி ஒரு குழியைப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே உறைந்துபோனேன். தாய்ப்பறவை இருபதடி தள்ளி ஒரு இறக்கையை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு என்னை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தது. பங்குனிக்கு மேல் ஆடிவரை கரையின் உலர்ந்த மணல்மேட்டில் நடக்காதீர்கள், பைக்கை இறக்கவே இறக்காதீர்கள். ஈரமான ஓரத்தில் நடந்தால் போதும். ஒரு பறவை அடிபட்டதுபோல இழுத்துக்கொண்டு ஓடினால், காப்பாற்றப் பின்னால் போகாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இனி உள்ளான் பக்கம் வருவோம். இங்கே காலின் நிறம் பேசும். ஆரஞ்சுச் சிவப்புக் கால் என்றால் பவளக்காலி. கரையில் காவல்காரன் இதுதான். நீங்கள் நூறடி தள்ளி வரும்போதே கத்திவிடும், அது எழுந்தால் மொத்தக் கூட்டமும் எழும். பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு முழுக்க அகலமான வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டால் காலைப் பார்க்க வேண்டியதே இல்லை. பச்சைக்காலி இதைவிடப் பெரிது, கால் வெளிர்பச்சை, அலகு தடித்துச் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அதன் குரல் உரத்து, 'ட்யூ ட்யூ ட்யூ' என்று மூன்று முறை ஒரே தாளத்தில் வரும். பச்சைக்காலியை இளைக்கவைத்து, அலகை ஊசியாக்கினால் சதுப்பு உள்ளான். கொழுகொழுவென்று, குட்டையான ஆரஞ்சுக் காலோடு கரையோரக் கல்லையும் பாசியையும் அலகால் புரட்டிக்கொண்டு போவது கல்திருப்பி உள்ளான். பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது, இதில் யாரும் தவறுவதில்லை.

கூட்டத்தில் மிகச் சின்னது கொசு உள்ளான். கறுப்புக் கால், குட்டை அலகு, எடை 25 கிராம் அளவில்தான். ஆர்க்டிக் ஓரத்திலிருந்து இந்த உடம்பை வைத்துக்கொண்டு வந்து சேர்கிறது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அதனுடன் கலந்து, சற்றுப் பெரிதாக, அலகு நுனி கீழ்நோக்கி மெல்ல வளைந்து தெரிந்தால் வளைமூக்கு உள்ளான். அது பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும்.

பெரிய பறவைகளில் குழப்பம் குறைவு. கோட்டான் என்றால் நம் ஊரில் ஆந்தையைத்தான் சொல்வார்கள், பறவை நூல்களிலோ கீழ்நோக்கி வளைந்த நெடுமூக்குக் கரைப்பறவைக்கு அந்தப் பெயர். பெரிய கோட்டானின் அலகு 15 சென்டிமீட்டர்வரை போகும், தலையில் கோடு இருக்காது. சின்னக் கோட்டானுக்கு அலகு அதில் பாதி, தலையில் திருநீற்றுப் பட்டைபோலத் தெளிவான கோடுகள். அலகு நேராக நீண்டு, நுனி லேசாக மேலே தூக்கியிருந்தால் மூக்கன். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டையும் வால் முனையில் கறுப்பும் தெரிந்தால் கருவால் மூக்கன், கண்மாய்க்கும் வரும். பட்டைவால் மூக்கன் கடலோரத்தை விட்டு அதிகம் வராது. 2022-இல் அலாஸ்காவில் கருவி பொருத்தி விட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன், எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அன்று முதல் இந்தப் பறவை சேற்றில் ஒற்றைக் காலில் தூங்குவதைப் பார்த்தால் சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

சாம்பல் உப்புக்கொத்திக்கு ஒரு தனி வழி உண்டு. நிற்கும்போது அதுவும் ஒரு சாம்பல் உருண்டைதான். எழும்பி இறக்கையைத் தூக்கும் கணத்தில் அக்குளைப் பாருங்கள், கறுப்பு மை கொட்டினாற்போல இருக்கும். தங்க உப்புக்கொத்திக்கு அது இல்லை. இதற்காகப் பறவையை விரட்ட வேண்டாம். அவை அடிக்கடி சோம்பல் முறித்து இறக்கையைத் தூக்கும், அதற்குக் காத்திருந்தால் போதும்.

அப்புறம் கடற்காக்கையும் ஆலாவும். மீன் இறங்கும் இடத்தில் படகைச் சுற்றிக் கத்துவது பெரும்பாலும் கடற்காக்கை: தடித்த உடல், அகன்ற இறக்கை, தண்ணீரில் வாத்துபோல் மிதக்கும். ஆலா ஒல்லி. கூரிய இறக்கை, பிளந்த வால், தலையைக் குனிந்து கீழே பார்த்தபடியே பறக்கும். மிதப்பது அபூர்வம்.

கடற்காக்கைகளில் இரண்டைப் பிரிக்கத் தெரிந்தால் முதல் ஆண்டுக்குப் போதும். பழுப்புத்தலைக் கடற்காக்கைக்கு இறக்கையின் கறுப்பு முனையில் கண்ணாடி பதித்தாற்போல வெள்ளைப் புள்ளி இருக்கும். வளர்ந்த பறவையின் கண் வெளிறியிருக்கும். கருந்தலைக் கடற்காக்கை சற்றுச் சின்னது, கண் கறுப்பு, இறக்கையின் முன்விளிம்பில் நீளமாக ஒரு வெள்ளை முக்கோணம். பெயரில் தலையின் நிறம் இருக்கிறதே என்று ஜனவரியில் தலையைப் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் அப்போது தலை வெள்ளைதான், காதருகே மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. கூட்டத்தில் இவற்றைவிட ஒரு மடங்கு பெரிதாக, கருஞ்சாம்பல் முதுகும் மஞ்சள் காலுமாக ஒன்று நின்றால் அது வேறு சாதி, பெரிய கடற்காக்கை என்று குறித்துவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கடற்காக்கைகள் வயதுக்கு ஒரு உடை போடும், அவற்றை ஆரம்பத்திலேயே பிரிக்க முயன்றால் ஆர்வமே போய்விடும்.

ஆலாக்களுக்கு அலகு போதும். குடைமிளகாய்ச் சிவப்பில் கேரட் அளவுக்குத் தடித்திருந்தால் காஸ்பியன் ஆலா, ஆலாக்களிலேயே பெரிது. தடித்த குட்டையான கறுப்பு அலகு என்றால் பருத்தஅலகு ஆலா. இது மற்ற ஆலாக்கள்போல் தலைகீழாகக் கடலில் பாய்வது குறைவு, சேற்றின்மேல் தாழப் பறந்து நண்டைக் கவ்வும். பின்னந்தலையில் கலைந்த கொண்டையோடு, அலகு ஆரஞ்சாக இருந்தால் சின்னக் கொண்டை ஆலா, மஞ்சளாக இருந்தால் பெரிய கொண்டை ஆலா. மீசை ஆலாவைத் தேடிக் கடலுக்குப் போக வேண்டாம். நம் கண்மாயிலேயே தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்து பூச்சி பொறுக்கும்.

நடுக்கடலிலேயே வாழும் பறவைகளைக் கரையில் நின்று பார்ப்பது புயலுக்குப் பின்னால் தற்செயலாக நடப்பது. அதை இப்போது விட்டுவிடலாம்.

தண்ணீர் வற்றும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பாக் நீரிணையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் கரை தட்டையாக இருப்பதால் கொஞ்சம் வற்றினாலே வெகுதூரம் சேறு திறந்துவிடும், பறவைகளும் அங்கே சிதறிவிடும். தண்ணீர் திரும்ப ஏறும்போது அவை உங்களை நோக்கி வரும். ஏறத் தொடங்கும்போது போய், ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவதுதான் நல்லது. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். உங்கள் மகளுக்குப் பிடிக்கும், ஆனால் உள்ளான்களைக் கற்க, அசையும் படகைவிட அசையாத தரையே மேல்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) இருந்தால் போதும். மெர்லின் என்ற கைபேசிச் செயலி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும். அதைக் கடைசியில் திறவுங்கள், முதலில் மகளை நோட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: ஊருணி உள்ளானைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, என்ன செய்துகொண்டிருந்தது. பொங்கல் நாட்களில் 2015 முதல் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து எண்ணி இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும், உங்கள் தெரு ஊருணியும் கணக்கில் வரும். காலில் வண்ணக் கொடியோ வளையமோ கட்டிய பறவையைப் பார்த்தால் எழுத்து தெரியும்படி படம் எடுங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள், அதில் ஒன்று உங்கள் முன்னால் நிற்கலாம்.

கடைசியாக ஒன்று. ஜனவரியில் பார்த்த அதே இடத்துக்கு, ஏப்ரல் முதல் வாரம் ஒரு பிற்பகல் மறுபடி போங்கள். ஊருக்குத் திரும்பும் நேரம் நெருங்க நெருங்க உடை மாறத் தொடங்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் காவி ஏறியிருக்கும். பழுப்புத்தலைக் கடற்காக்கைக்குத் தலை காப்பிக்கொட்டை நிறமாகியிருக்கும். வளைமூக்கு உள்ளான்களில் பாதி இன்னும் சாம்பல், பாதிக்கு வயிற்றில் திட்டுத்திட்டாகச் செங்கல் நிறம். ஜனவரியில் புத்தகத்தில் பார்த்த நிறங்கள் அப்போது சேற்றிலேயே நிற்கும், அலகையும் நடையையும் வைத்து நீங்கள் ஏற்கெனவே பெயர் வைத்த அதே பறவைகளின்மேல்.